அக்காவின் படிவத்தை நானே நிரப்பினேன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் என்னைத் தெரியாது. நான் செல்வி. மரக்காணத்தில் இந்தக் கணக்கெடுப்பு ஆரம்பித்த முதல் நாளிலிருந்து இரண்டரை வருஷம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள். இப்போது வேலையில் இல்லை. வயது இருபத்து மூன்று. இந்த வயதில் 'என் காலத்தில்' என்று ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். எட்டாவது வரைதான் படித்தேன், அதனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுதுவேன்.

இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் டாக்டர்தான் எழுதச் சொன்னார். "படிவத்தை எப்படி நிரப்பணும்னு நான் டிரெய்னிங்ல சொல்லிடுவேன். நீ எங்கெங்க தடுமாறினன்னு எழுதிக் குடு, அதுதான் இவங்களுக்கு உதவும்" என்றார்.

எங்கே தடுமாறினேன் என்றால், எங்கள் வீட்டில். என் அக்கா கலா இந்த வருஷம் வைகாசியில் பிள்ளை பெற்ற நான்காம் நாள் இறந்துபோனாள். அவளுடைய படிவத்தை நிரப்பியவள் நான். அவள் சாவில் என் பேனாவுக்குப் பங்கு உண்டா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த இடத்துக்குப் போவதற்கு முன்னால் வேறு இரண்டு விஷயம் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் இது புரியாது.

நம் வேலை எதற்கு என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பிள்ளை பெறுவது ஒரு பெண்ணின் ஆயுசிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறதா? நிறையப் பெற்றவர்கள் சீக்கிரம் போகிறார்களா, சின்ன வயதில் பெற்றவர்களுக்கு முட்டியும் இடுப்பும் சீக்கிரம் போகிறதா, பெறாதவர்கள் அதிக நாள் இருக்கிறார்களா? உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களையும் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் விவசாய வீட்டுப் பெண்களையும் கேட்டு எழுதுகிறோம். கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் கேட்கப் போனால் கதவைச் சாத்துவார்கள்.

எனக்கு முதல் மாதம் முழுக்கச் சாத்தினார்கள். உள்ளே தள்ளி ஒரு விவசாயக் கிராமத்தில் ஒரு அம்மா நன்றாகத்தான் உட்கார வைத்து மோர் கொடுத்தார். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் திருப்பினேன்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்லீங்க."

"அப்ப இதையெல்லாம் உங்கிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்காதா?"

"எனக்கு வெக்கமா இல்லீங்க."

"எனக்கு இருக்குது" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்னோடு வந்துகொண்டிருந்த இன்னொரு பெண் கல்யாணம் ஆனவள். அவள் பை நிரம்பப் படிவத்தோடு வருவாள். என்னிடம் வெறும் பைதான். அவள்தான் சொன்னாள், "ஒரு மெட்டி வாங்கிப் போட்டுக்க. கழுத்துல மஞ்சள் கயிறு ஒண்ணு. ஜாக்கெட்டுக்குள்ள இருந்தா உள்ள என்ன தொங்குதுன்னு யாரு பாக்கப் போறா?"

போட்டுக்கொண்டேன். பஸ் ஏறின பிறகு போடுவேன், திரும்பி வரும்போது இறங்குவதற்கு முன்னால் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வேன். எங்களுக்கு அம்மா இல்லை. நான் ஆறாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னை வளர்த்தது அக்காதான். மெட்டியை அவள் பார்த்திருந்தால் என் காலை உடைத்திருப்பாள்.

மெட்டி போட்ட நாளிலிருந்து பெண்கள் கொட்டினார்கள். என்னால் எழுதி மாளவில்லை. இதில் ஒன்று கற்றுக்கொண்டேன், நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை பிள்ளை" என்று கேட்டால் பெயர் வைத்த பிள்ளையை மட்டும்தான் சொல்வார்கள். பெயர் வைப்பதற்கு முன்னால் போனதைச் சேர்க்க மாட்டார்கள், அதைச் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. ஒரு அம்மா இரண்டு என்றார். மறுநாள் குழாயடியில் அவர் நாத்தனார் ஐந்து என்றார். அதனால் "எத்தனை தடவை வயித்துல தங்குச்சு" என்று கேளுங்கள். அப்போதுதான் ஐந்து வரும்.

ஆனால் பொய்க்கும் ஒரு விலை இருந்தது. அவர்களும் என்னைக் கேட்டார்கள்.

"எத்தினி வருஷமாச்சு கல்யாணம் ஆயி?"

"ரெண்டுங்க."

"ஒண்ணும் தங்கலையா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். ஒருத்தர் வேர் அரைத்துக் குடிக்க வைத்தார். ஒருத்தர் கீழ்புத்துப்பட்டு ஐயனாருக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு மாமியார்க்காரி மருமகளிடம் என்னைக் காட்டி, "பாரு, இதுவும் பெக்காமதான் இருக்குது, ஆனா நடந்து வேலைக்காவது போவுது" என்றார். அந்த மருமகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவளுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தத் தெரு முழுக்கப் போயிருக்கும்.

என்னை மாதிரிச் செய்யாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மெட்டி இல்லாவிட்டால் என் கையில் ஒரு படிவமும் நிரம்பியிருக்காது. அதனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆனவர்களை மட்டும் அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அது நல்லது.

இரண்டாவது விஷயம் உப்பளத்தில் நடந்தது. அன்றைக்கு டாக்டரும் கூட வந்தார். அவர் அப்போதுதான் முப்பதைத் தாண்டியவர். தொப்பி போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கத் தெரியாமல் இரண்டு தடவை பாத்தியில் காலை விட்டார். வெயில் உப்பில் பட்டுத் திரும்பி அடிக்கும்போது கண்ணைத் திறக்க முடியாது. அங்கே பொன்னியம்மா என்று ஒருவர். அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். நின்று பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. நாங்கள் கூடவே ஓடினோம்.

"வயித்துல எத்தனை தங்குச்சும்மா?"

"பத்து. ஒம்பது பொறந்துச்சு. ஆறு இருக்குது."

"உடம்பு எப்படி இருக்குது?"

"மூணாவதுக்கு அப்புறம் முடி போச்சு. அஞ்சாவதுக்கு அப்புறம் பல்லு போச்சு. ஒம்பதாவதுக்கு அப்புறம் அவரு போனாரு. அதுக்கப்புறம்தான் உடம்பு நல்லா இருக்குது."

கூட உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "மேடம், நிறையப் பெத்தா உடம்பு போவும்னுதானே நாம கேக்கறோம். இந்தம்மா ஒம்பது பெத்துட்டு நம்மள விட வேகமா நடக்குறாங்க. காலையில பாத்த அந்தக்கா பெக்கவே இல்ல, நாப்பது வயசுல எழுந்து நிக்க முடியல. அப்ப நாம கேக்கறதே தப்பா?"

அவர் வாய்க்காலைக் காட்டினார். "இதுல வர்ற தண்ணி ஒண்ணுதானே. இந்தப் பாத்திக்குத் திறந்தா அந்தப் பாத்திக்குக் குறையும். உடம்பும் அப்படித்தான். சாப்பிடுறது, தெம்பு, எல்லாம் ஒரு வாய்க்கால்ல வருது. புள்ளைக்குத் திறந்து விட்டா, உடம்பு தன்னை ரிப்பேர் பண்ணிக்கிறதுக்குக் குறையும். அதான் நான் பாக்க நினைக்கிறது."

"அப்ப பொன்னியம்மா?"

"அவங்க வாய்க்காலே பெருசா இருந்திருக்கலாம். நல்ல தெம்பு உள்ளவங்க நிறையவும் பெறுவாங்க, நிறைய நாளும் இருப்பாங்க. அதுவும் இல்லாம, ஒம்பது பெத்து அதுலயே செத்துப் போனவங்க வெயில்ல கூடையைத் தூக்கிட்டு வந்து உனக்குப் பதில் சொல்ல மாட்டாங்க செல்வி. இருக்கறவங்களைத்தான் நீ பாக்கற."

அதற்குப் பிறகுதான் மஞ்சள் படிவம் வந்தது. இறந்துபோன பெண்ணுக்காக வீட்டு ஆள் ஒருவர் பதில் சொல்லும் படிவம். உங்கள் பையிலும் இருக்கும். அதை நிரப்பும்போது அவசரப்படாதீர்கள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள், அவர்கள் அழுது முடிக்க நேரம் கிடைக்கும்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அளத்தில் மழைக்காலம் வேலை இருக்காது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மீன் வாங்கக் கரைக்குப் போனார். அவர்கள் மகள் பவானிக்கு ஏழு வயது, நானும் வருவேன் என்று கூடப் போனாள். மாமா மட்டும் திரும்பி வந்தார். அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. பவானி இரண்டு நாள் கழித்துக் கிடைத்தாள். அவர்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அக்கா அவளைப் பெற்ற கையோடு ஆஸ்பத்திரியிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள்.

இரண்டு மாதம் கணக்கெடுப்பை நிறுத்தினார்கள். மார்ச்சில் திரும்ப ஆரம்பித்தபோது எங்கள் தெரு என் பங்குக்கு வந்தது. சொந்தத் தெருவை யாரும் எடுக்கக் கூடாது என்று இப்போது விதி இருக்கிறது. அந்த விதி ஏன் வந்தது என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கு ஒன்பது படிவம் முடிக்க வேண்டும். ஒன்று முடித்திருந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பவானி போனதிலிருந்து அவள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன். கழுத்தில் கயிறு இல்லை, காலில் மெட்டி இல்லை. ஊரில் இருநூறு பேரிடம் கூசாமல் கேட்ட கேள்வியை என் அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை. நான் வயதுக்கு வந்தபோது எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவளே அவள்தான். அவளிடம் போய் எத்தனை தடவை வயிற்றில் தங்கியது என்று எப்படிக் கேட்பது?

"அக்கா, உன் பேர்ல ஒண்ணு எழுதணும்."

அவள் தலை நிமிரவில்லை. "உனக்குத் தெரியாததாடி. நீயே எழுதிக்க."

எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. "சரி, நானே எழுதிக்கிறேன்" என்று எழுதினேன். வயது, கல்யாணமான வயது, பிள்ளை ஒன்று. பிரசவத்தில் மூச்சு வாங்கியதா? இல்லை. கால், முகம் வீங்கியதா? இல்லை. ஆபரேஷன் செய்துகொண்ட காரணம் என்று ஒரு கேள்வி. பதில் நான்கு கொடுத்திருப்பார்கள். பிள்ளை போதும் என்பதால், டாக்டர் சொன்னதால், வீட்டார் சொன்னதால், தெரியாது. முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். அடிக்கும்போது ஒரு விநாடி தோன்றியது, ஒரு பிள்ளையோடு யார் போதும் என்று சொல்வார்கள், அதுவும் இருபது வயதில்? தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஏழு வீடு பாக்கி இருந்தது. அடுத்த பக்கம் திருப்பினேன்.

நான் எழுந்திருக்கும்போது அக்கா கேட்டாள். "ஆபரேஷனைத் திரும்பப் பிரிச்சு உடுறாங்களாமே, கடல்ல புள்ளையத் தொலைச்சவங்களுக்கு. உங்க டாக்டரம்மாக்குத் தெரியுமா கேளு."

மறுநாளே கேட்டேன். டாக்டர் உட்கார வைத்து விசாரித்தார். "உங்க அக்காவுக்கு முதல் பிரசவத்துல ஏதாவது பிரச்சினை இருந்துச்சா?"

"இல்ல மேடம். படிவத்துல எழுதியிருக்கேனே."

படிவக் கட்டைப் பிரித்து அதை எடுத்துப் பார்த்தார். பிறகு எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடி வந்தேன். அக்கா அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆனியில் ஆபரேஷன். அங்கே எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. ஆவணியில் தங்கிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமா மட்டும் பேசாமல் இருந்தார். தோள் வலி என்று நினைத்தேன்.

எட்டாம் மாதம் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்தேன்.

"ஏன்க்கா படுக்கல?"

"வயிறு முட்டுதுடி. உக்காந்தாதான் மூச்சு சரியா வருது."

"புழுக்கம்" என்று சொல்லி விசிறிவிட்டேன். கால் வீங்கியிருந்தது. இது எல்லோருக்கும் வரும் என்றேன். மூச்சு, வீக்கம் என்று இருநூறு வீட்டில் கேட்டு எழுதினவள் நான். அது தாளில் இருந்தால் எனக்குத் தெரியும், அக்காவின் காலில் இருந்தால் தெரியவில்லை. இதை எப்படி உங்களுக்கு விளக்குவது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது, நன்றாக இருந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை. நான்காம் நாள் மதியம் போய்விட்டாள். இதயம் வீங்கிப் போயிருந்தது என்றார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் பழைய சீட்டுகளைக் கேட்டார். மாமா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். படித்துவிட்டு நர்ஸ் எங்களைப் பார்த்தார். "முதல் பிரசவத்துலயே இதேதான் ஆகியிருக்குது. யாருமே சொல்லலையா?"

மாமா தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

காரியம் முடிந்த பிறகு டாக்டரிடம் போனேன். "அந்தப் படிவம் நான் கேட்டு எழுதல மேடம். நானா எழுதினேன்."

அவர் படிவக் கட்டைத் தேடி அந்தத் தாளை எடுத்தார். "நான் இதைப் பாத்துட்டுத்தான் கடிதம் குடுத்தேன். ஒரு குழந்தையோட ஆபரேஷன்னு இதுல இருக்குது. எனக்கும் தோணியிருக்கணும். தோணல."

அந்த இதயம் முதல் தடவை வீங்கி, பிறகு தானே சரியாகிவிடுமாம். டெஸ்ட்டிலும் தெரியாதாம். மறுபடி ஒரு பிள்ளை தங்கினால் திரும்ப வருமாம். இதெல்லாம் சொன்னார். எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"வாய்க்கால் தண்ணின்னு சொன்னீங்களே மேடம். அப்ப அக்கா உடம்பு எல்லாத் தண்ணியையும் குழந்தைக்குத் திறந்து உட்டுட்டு, அக்காவைக் காய உட்டுடுச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"பின்ன எப்படிச் சொல்றது?"

"ரொம்ப ரொம்ப காலமா யார் புள்ளை பெத்தாங்களோ அவங்க உடம்போட குணம்தான் அடுத்தவங்களுக்கு வந்திருக்குது. ரொம்ப நாள் இருந்து, ஆனா பெக்காதவங்களோடது வரல. அதனால நம்ம உடம்பு பெக்கறதுக்குத்தான் முதல்ல குடுக்கும். நாம நூறு வயசு இருக்கணும்னு அதுக்கு அக்கறை கிடையாது."

"எங்க அக்கா அதையா கேட்டா?"

"தெரியல செல்வி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கே தெரியாது என்பதில் எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அக்காவுக்கு மஞ்சள் படிவம் எழுத வேண்டும். வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்றார். நானே போகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ஆடி மாதம் ஒரு காலையில் மாமா அளத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தூளியில் குழந்தை தூங்கியது. கயிறு மாமா கையில் இருந்தது. இந்தத் தடவை ஒரு கேள்வியையும் விடவில்லை. பெயரையும் கேட்டேன். "உங்க அக்கா பேரு உனக்குத் தெரியாதா?" என்றார். "நீங்க சொல்லுங்க மாமா" என்றேன். "கலா" என்றார்.

"மொத பிரசவத்துல மூச்சு வாங்குச்சா?"

"வாங்குச்சு. பன்னண்டு நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்க."

"தையல் ஆறலன்னு சொன்னீங்களே என்கிட்ட."

"அப்படிச் சொல்லச் சொன்னா. உனக்கு அப்ப பதினாலு வயசு. உங்க அம்மாவும் இல்ல. கல்யாணம் ஆவாத புள்ள, பயந்துடும்னு சொன்னா."

"ஆபரேஷன் எதுக்குப் பண்ணாங்க?"

"இன்னொண்ணு தங்குனா தாங்காதுன்னு டாக்டரு சொன்னாரு. அவளையும் உக்கார வெச்சுத்தான் சொன்னாரு."

"அப்ப அக்காவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்களுக்கும் தெரியும். ஏன் மாமா உட்டீங்க?"

"அது இந்தப் படிவத்துல இருக்கற கேள்வியா?"

"இல்ல."

தூளியை இரண்டு முறை ஆட்டினார். "கடல்ல பவானி பாப்பா கையை உட்டவன் நான். அவ ஒரு புள்ள வேணும்னு கேக்கறா. வேணாம்னு நான் எந்த வாயால சொல்றது?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவரே தொடர்ந்தார்.

"நீ படிவம் எடுத்துக்கிட்டு வந்த அன்னிக்குக் காலையிலயே அவ வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டிருந்தா. 'தெருவுல எழுதிக்கிட்டே வர்றா, என்னையும் கேப்பா. கேட்டா எழுதிடுவா. அவகிட்ட எனக்குப் பொய் வராது'ன்னா. சாயங்காலம் நான் வர்றேன், சிரிக்கிறா. பாப்பா போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா. 'கேக்கவே இல்லங்க, அவளே எழுதிக்கிட்டுப் போயிட்டா'ன்னா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாளா மாமா?"

"சொல்லியிருப்பா."

"அப்ப அந்தக் கடிதம் கெடச்சிருக்காது."

"கெடச்சிருக்காது. அவ இருந்திருப்பா." தூளியைப் பார்த்தார். "இது இருந்திருக்காது. அவ மறுபடி சிரிச்சிருப்பாளான்னும் தெரியாது. எனக்கு இதுக்கு மேல யோசிக்க வரல செல்வி. நீதான் எட்டாவது படிச்சிருக்க. எது சரின்னு நீ சொல்லு."

எது சரி என்று எனக்கு இப்போதும் தெரியாது. படிவத்தை முடித்து டாக்டரிடம் கொடுத்தேன், கூடவே வேலையை விடுகிறேன் என்றும் சொன்னேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

உங்களுக்கு நான் என்ன சொல்வது? "நீயே எழுதிக்க" என்று ஒருத்தி தலை நிமிராமல் சொன்னால், அவள் எதையோ கைக்குள் மூடி வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் எழுந்துவிடாதீர்கள். ஏழு வீடு பாக்கி இருந்தாலும் இருக்கட்டும். கேளுங்கள். அவள் உங்களைத் திட்டுவாள், அப்புறம் பேச மாட்டாள், ஆனால் உயிரோடு இருந்து பேசாமல் இருப்பாள். இதை எழுதிவிட்டுப் பக்கத்தில் திரும்பினால் குழந்தை காலை உதைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. அக்காவின் நெற்றி அதற்கு. கேட்டிருக்க வேண்டும் என்று அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் சொல்ல முடிகிறது. ஒரு நாளில் பத்து தடவை இப்படி மாறுகிறது.

கல்யாணம் ஆகாதவர்களையும் இந்த வருஷம் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் எங்கள் தெருவுக்கு வரும்போது என் பெயரும் உங்கள் கையில் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் வாருங்கள், அப்போது குழந்தை தூங்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் 'உங்களுக்குக் குழந்தை வேண்டுமா' என்று ஒரு கேள்வி வரும். அங்கே மட்டும் நான் முதலில் சொல்வதை எழுதிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.